மலாவி சிக்லிட் தொட்டி: அடியில் என்ன போடுவது?

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்) வளர்க்கப்போகிறேன். பவளத்துண்டு போட்டே ஆகவேண்டும் என்கிறார்கள். என்னிடம் நீல நிறக் கூழாங்கல் இருக்கிறது. எது நல்லது?

பதில்: மெல்லிய மணல்தான் என் தேர்வு. சிக்லிட்டுக்கு வாயே மண்வெட்டி. மலாவி ஏரியின் பாறை மீன்களான உம்புனாக்கள் கல்லுக்கடியில் பள்ளம் பறித்து இடம் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியில் உள்ள சிப்பி வாழ் மீன்கள், காலி நத்தை ஓட்டை மணலில் புதைத்துக் குடியிருப்பவை. தென் அமெரிக்க ஜியோஃபேகஸுக்கு 'மண் தின்னி' என்றே பெயர். மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியே தள்ளிவிடும். கூழாங்கல்லில் இதெல்லாம் நடக்காது. தின்றது போக மிஞ்சிய தீனியும் கழிவும் கல் இடுக்கில் இறங்கி அங்கேயே அழுகும். நீலக் கல்லைப் பூந்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பவளத்துண்டு விஷயம் வேறு. மலாவி நீர் காரத்தன்மை உள்ளது, கடினத்தன்மை (கரைந்த தாதுக்களின் அளவு) மிதமானதுதான்; பிஎச் (அமில-கார அளவு) ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை. பவளத்துண்டு சுண்ணாம்பு, கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். ஆனால் நீரின் பிஎச் ஏற ஏறக் கரைவதும் குறைந்துவிடும். உங்கள் குழாய் நீர் ஏற்கெனவே கடினமாக இருந்தால் அதனால் பெரிய பயனில்லை. முதலில் நீரைச் சோதித்துப் பாருங்கள். மென்னீராக இருந்தால் பவளத்துண்டை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள்; கழுவவும் மாற்றவும் எளிது.

வாங்கும் மணலில் சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. உங்கள் மீனுக்கு அது கெடுதலில்லை. டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீனுக்குத்தான் ஆகாது.

அளவு: 120 × 45 செ.மீ. அடிப்பரப்பில் 4 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 22 லிட்டர், அதாவது 33 கிலோ அளவில் மணல் வேண்டும். அதற்குமேல் தடிமன் வேண்டாம். ஆழத்தில் காற்றுப் புகாமல் அழுகல் வாயு சேரும். தூய வெள்ளை மணலில் மீன்கள் நிறம் வெளுத்துத் தெரியும், பழுப்பு நல்லது. கழுவும் நீர் தெளியும்வரை கழுவுங்கள், பொறுமை வேண்டிய வேலை.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: பெரிய பாறைகளை மணல்மேல் அடுக்கக் கூடாது. முதலில் தொட்டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு விரித்து, அதன்மேல் பாறையை அசையாமல் நிறுத்தி, பிறகு மணலைச் சுற்றிக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்தால் ஒரே இரவில் மீன் அடியைத் தோண்டிவிடும். பாறை சரிந்து கண்ணாடியே உடையலாம்.