பாலிஃபில் சேர்த்தால் பழைய பிரவுசரில் டைனமிக் இம்போர்ட் ஓடுமா?

கேள்வி: தேவைப்படும்போது மட்டும் மாட்யூலை (தனி ஃபைலாக இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் துண்டை) லோடு செய்ய டைனமிக் இம்போர்ட் எழுதியிருக்கிறேன். சில பழைய பிரவுசர்களில் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. பாலிஃபில் (பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுகட்டும் கோடு) ஒன்றைச் சேர்த்தால் போதுமா?

போதாது. நீங்கள் எழுதியதைத் தொடாமல் பாலிஃபிலை மட்டும் மேலே ஒட்டினால் பக்கம் அதே வெள்ளையாகத்தான் நிற்கும். இதை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு விடிகாலையில் கற்றுக்கொண்டவன் சொல்கிறேன்.

2020 தொடக்கம். அங்கே ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் வெப் ஆப் செய்து கொடுத்திருந்தேன். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லி வரும். எடை போட்டு, விலை சொல்லி, விவசாயிக்கு ஒரு சிட்டை, வியாபாரிக்கு ஒரு பில். இதற்கு ஆப் சின்னதாக இருந்தாலே போதும். ஆனால் முதலாளிக்கு வாராவாரம் விலை ஏறி இறங்குவதைக் காட்டும் கிராஃபும் வேண்டும். அந்த கிராஃப் லைப்ரரி ஒன்று மட்டும் மீதி ஆப்பைவிடப் பெரியது. கூட்ட நேரத்தில் மார்க்கெட்டுக்குள் நெட் நொண்டும். சரி, கிராஃப் பட்டனை அமுக்கினால் மட்டும் அது இறங்கட்டும் என்று டைனமிக் இம்போர்ட் போட்டேன். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது.

மறுநாள் முகூர்த்த நாள். காலை ஐந்தே காலுக்கு போன். "தம்பி, வெள்ளையா நிக்குதுப்பா. ஆளுக வரிசையில நிக்கிறாய்ங்க." கிராஃப் பட்டனை யாரும் அமுக்கவே இல்லை, ஆனாலும் பில் பக்கமே வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, கீழே இருந்த எட்ஜ் ஐகானைத்தான் எல்லோரும் அமுக்குவார்கள். பழைய எட்ஜ், பதிப்பு 18. கன்சோலைத் திறந்தால் ஒரே ஒரு சிவப்பு வரி: சின்டாக்ஸ் பிழை. கை காட்டிய இடம் நான் இம்போர்ட் எழுதிய வரி.

எனக்குக் கோபம் என்னவென்றால், அந்த வரியைச் சுற்றி ட்ரை, கேட்ச் எல்லாம் போட்டிருந்தேன். இம்போர்ட் இல்லையென்றால் கேட்ச் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. அங்கேதான் கோட்டை விட்டேன். பார்க்க ஃபங்ஷன் மாதிரி இருந்தாலும் அது ஃபங்ஷன் அல்ல. மொழியின் இலக்கணத்திலேயே சேர்ந்த சொல். அந்த இலக்கணம் தெரியாத பிரவுசர், ஃபைலை ஓட்டுவதற்கு முன்பு படிக்கும்போதே முழு ஃபைலையும் தள்ளிவிடும். கடைக் கணக்குப்பிள்ளை சிட்டையில் ஒரு எழுத்து புரியாவிட்டால் மொத்தச் சிட்டையையும் திருப்பிக் கொடுப்பாரே, அதே கதை. ட்ரை ஓட ஆரம்பித்தால்தானே கேட்ச் பிடிக்கும்? இம்போர்ட் இருக்கிறதா என்று, ஒரு பெயரின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். அதுவும் இலக்கணப் பிழைதான்.

ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் பதிலுக்கான டோக்கன்), ஃபெட்ச் (சர்வரிலிருந்து தகவல் வாங்குவது) போன்றவை வெறும் பெயர்கள். இல்லாத இடத்தில் அதே பெயரில் நாமே ஒன்றைச் செய்து வைத்துவிடலாம், பழைய வரிகள் அப்படியே ஓடும். இம்போர்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் இதற்கான பாலிஃபில்கள் பெரும்பாலும் வேறு பெயரில் ஒரு ஃபங்ஷனைத் தரும். உங்கள் ஃபைல்களில் இம்போர்ட் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பெயர் வந்தாக வேண்டும். கையால் மாற்றலாம், ரோல்அப் மாதிரி பண்ட்லரிடமும் (ஃபைல்களைச் சேர்த்துக் கட்டித் தரும் கருவி) விடலாம். இந்த வேலை நடக்காமல் பாலிஃபிலுக்குப் பயனே இல்லை.

உள்ளே அது செய்வது ஒரு சின்னத் தந்திரம், எனக்கு மிகவும் பிடித்தது. ஜாவாஸ்கிரிப்டிலேயே புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் டேகை உருவாக்கி, அதன் டைப்பை மாட்யூல் என்று வைக்கும். அதற்குள் இரண்டே வரி. முதல் வரி, கேட்ட முகவரியில் இருப்பதையெல்லாம் சாதாரண ஸ்டாட்டிக் இம்போர்ட்டால் (மாட்யூலில் நிலையாக எழுதி வைக்கும் இம்போர்ட்) வாங்கும். அடுத்த வரி, வாங்கியதை விண்டோவில் யாரும் வைத்திருக்காத ஒரு பெயரில் வைக்கும். டேகைப் பக்கத்தில் சேர்த்ததும் பிரவுசர் மாட்யூலை இறக்கும்; லோடு நிகழ்வு வந்ததும் அந்தப் பெயரிலிருந்து எடுத்து ப்ராமிஸில் கொடுத்துவிட்டு, பெயரையும் டேகையும் அழித்துவிடும். ஸ்டாட்டிக் இம்போர்ட் தெரிந்த பிரவுசர் என்பதால் அந்த இரண்டு வரியில் அதற்குப் புரியாதது எதுவும் இல்லை.

அன்றைக்கு அவசரத்துக்கு கிராஃப் வரியையே தூக்கிவிட்டு பில்லை ஓட வைத்தேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து இதே தந்திரத்தை நாற்பது வரியில் எழுதினேன். முதல் பக்கத்தில் வேலை செய்தது, கணக்குப் பக்கத்தில் செய்யவில்லை. காரணம் முகவரி. புள்ளி, சாய்கோடு என்று ஆரம்பிக்கும் முகவரியை நிஜ இம்போர்ட் தான் இருக்கும் ஃபைலிலிருந்து எண்ணும். புதிதாக உருவாக்கிய டேகோ பக்கத்தின் முகவரியிலிருந்து எண்ணும். சில பாலிஃபில்கள் அந்த இரண்டு வரியை டேகுக்குள் எழுதாமல், பிளாப் முகவரியில் (பிரவுசர் தன் நினைவகத்தில் இருப்பதற்குத் தரும் தற்காலிக முகவரி) வைத்து டேகுக்குக் கொடுக்கின்றன. அங்கே எதிலிருந்தும் எண்ண முடியாது. ஆகவே முழு முகவரியாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். அதற்கு, மாட்யூல் தன்னைப் பற்றிய விவரம் கேட்கும் இம்போர்ட் மெட்டாவிடம் ஃபைலின் முகவரியைக் கேட்கப் போய், மறுபடியும் வெள்ளைப் பக்கம்! அதுவும் பழைய எட்ஜுக்குத் தெரியாத இலக்கணமே. கடைசியில் ஃபோல்டர் முகவரியை நேரடியாக எழுதித் தொலைத்தேன்.

இன்னும் இரண்டு தொந்தரவு உண்டு. உங்கள் தளத்தில் கண்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சொல்லும் விதி) கடுமையாக இருந்தால், இப்படிப் புதிதாக முளைக்கும் ஸ்கிரிப்டை பிரவுசர் தடுக்கும்; அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். மாட்யூல் இறங்காவிட்டால் பிழை நிகழ்வு வரும், ஆனால் ஏன் என்று சொல்லாது. ஃபைல் இல்லையா, வேறு டொமைன் என்பதால் கார்ஸ் (வேறு தளத்திலிருந்து வாங்குவதற்கான அனுமதி விதி) தடையா, சர்வர் தவறான மைம் டைப் (ஃபைல் என்ன வகை என்ற குறிப்பு) அனுப்புகிறதா, எல்லாம் நெட்வொர்க் டேபில் போய் நீங்களே பார்க்க வேண்டியதுதான்.

சரி, இவ்வளவும் யாருக்கு உதவும்? இதை முதலில் பாருங்கள். ஸ்டாட்டிக் மாட்யூல் தெரிந்து டைனமிக் இம்போர்ட் தெரியாத பிரவுசர்கள் கொஞ்சம்தான்: குரோம் 61, 62, ஃபயர்ஃபாக்ஸ் 60 முதல் 66 வரை, எட்ஜ் 16 முதல் 18 வரை, சஃபாரி 10.1 முதல் 11 வரை. ஐபோன் 5 இந்தக் கூட்டத்தில் ஒன்று, ஐஓஎஸ் 10-க்கு மேல் ஏறாது. (மாட்யூல் தெரிந்த பிரவுசரைப் பழைய ஃபைலைத் தவிர்க்கச் சொல்லும் நோமாட்யூல் என்ற குறிப்பும் அதில் புரியாது, புது ஃபைல், பழைய ஃபைல் இரண்டையும் ஓட்டும்.) இதற்கும் பழையவற்றில், உதாரணமாக இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-இல், மாட்யூலே கிடையாது. அங்கே இந்தத் தந்திரம் செல்லாது. அங்கே வெப்பேக் என்ற பண்ட்லர் உங்கள் இம்போர்ட்டைச் சாதாரண ஸ்கிரிப்ட் டேகாக மாற்றிக் கொடுக்கும். ப்ராமிஸ் பாலிஃபில் மட்டும் கூடவே வேண்டும். வீட் என்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு லெகஸி பிளகின் உண்டு, அது சிஸ்டம்ஜேஎஸ் என்ற மாட்யூல் லோடர் வழியாகப் போகும்.

விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த குரோம் 109-க்கே டைனமிக் இம்போர்ட் தெரியும். எனவே சர்வர் லாகைத் திறந்து மேலே சொன்ன பதிப்புகள் எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் பாலிஃபில் தேவையில்லை. உங்கள் வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் அங்கிட்டு எங்கோ இருக்கிறது, கன்சோலில் வரும் முதல் பிழையைப் படியுங்கள். இருந்தால் என் ஓட்டு பண்ட்லருக்கே. கையால் எழுதுவதை நான் இனி செய்யமாட்டேன்.

பழைய எட்ஜுக்கான ஆதரவு 2021 மார்ச்சில் நின்றது. கடைக் கம்ப்யூட்டருக்குப் புது எட்ஜ் வந்ததும் அந்த நாற்பது வரியை எடுத்துவிட்டு, இம்போர்ட்டைப் பழையபடி எழுதினேன். முதலாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏந்தம்பி, ஐகானு எதுக்கு நீலமும் பச்சையுமா மாறிருச்சு?"