பெர்லின் 1945: மேயர் ஒருவர், அதிகாரம் வேறொருவர் (கேள்வி பதில்)

கே: பெர்லினைப் பிடித்த சோவியத் செம்படை ஒரு கம்யூனிஸ்ட்டையே மேயராக்கியிருக்கலாமே?

ப: ஆக்கியிருக்கலாம்தான். ஆனால் 1945 மே மாதம் நகரத் தளபதி பெர்சாரின் அமர்த்திய மேயர் ஆர்தர் வெர்னர், எந்தக் கட்சியையும் சேராத 68 வயதுப் பொறியாளர். அவருக்கு அடுத்த நாற்காலியில் கம்யூனிஸ்ட் கார்ல் மாரோன். யாரை வேலைக்கு எடுப்பது, யாரை அனுப்புவது என்ற பொறுப்பு ஆர்தர் பீக்கிடம். இவர் கட்சித் தலைவர் வில்ஹெல்ம் பீக்கின் மகன். கோப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

கே: திட்டமிட்டதா, தானாக அமைந்ததா?

ப: திட்டம்தான். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் வால்டர் உல்பிரிக்ட்டின் குழு ஏப்ரல் 30-ஆம் தேதியே மாஸ்கோவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிவிட்டது. தொழிலாளர்கள் வாழும் வெட்டிங் வட்டாரத்துக்குச் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் மேயர். வசதியானவர்கள் வாழும் செலண்டார்ஃபுக்கு அந்த வசதியானவர்களில் ஒருவர். துணை மேயர், பணியாளர் துறை, கல்வி மட்டும் கம்யூனிஸ்ட்களுக்கு. குழுவில் இளையவரான வொல்ஃப்காங் லியோன்ஹார்ட் பின்னாளில் தப்பிப்போய் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். பார்வைக்கு ஜனநாயகம், பிடி முழுக்க நம்மிடம்: உல்பிரிக்ட் சொன்னதன் சாரம் இதுதானாம்.

கே: போலீஸ்?

ப: பவுல் மார்க்கிராஃப். ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட ஜெர்மன் ராணுவ அதிகாரி, கைதி முகாமில் சோவியத் பக்கம் மாறியவர்.

கே: ராணுவத்தின் வேலை நியமனத்தோடு முடிந்ததா?

ப: எங்கே! 1946 ஏப்ரலில் சமூக ஜனநாயகக் கட்சியைக் கம்யூனிஸ்ட் கட்சியோடு கட்டாயமாக இணைத்து, சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சி உண்டாக்கப்பட்டது. செப்டம்பரில் சோவியத் மண்டலத்தில், அதாவது சோவியத் படையின் பிடியில் இருந்த ஜெர்மன் பகுதியில், உள்ளாட்சித் தேர்தல். ஒரு ஊரில் வேட்பாளரை நிறுத்த அங்கே கட்சிக் கிளை வேண்டும். கிளையை அங்கீகரிப்பவர் ராணுவத் தளபதி. பல ஊர்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் மனு மேசையிலேயே கிடந்தது. அங்கெல்லாம் அந்தக் கட்சிக்கு வேட்பாளர் பட்டியலே இல்லை. அச்சுத்தாளும் படையின் கையில்தான். ஐக்கியக் கட்சிக்கு அள்ளிக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், துப்பாக்கியைவிட இந்த ரப்பர் ஸ்டாம்ப்தான் அதிகம் வேலை செய்தது.

கே: அப்படியென்றால் பெர்லினிலும் ஜெயித்திருப்பார்களே?

ப: அங்கேதான் மூக்குடைபட்டார்கள். நகரம் நான்கு நாட்டுப் படைகளின் பொறுப்பில் இருந்ததால் சமூக ஜனநாயகக் கட்சி தனியாக நிற்க முடிந்தது. அக்டோபர் 20 தேர்தலில் அதற்கு 48.7 சதவீதம், ஐக்கியக் கட்சிக்கு 19.8. சரி, அப்போதாவது விட்டார்களா? 1947-இல் மாமன்றம் தேர்ந்தெடுத்த மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டரைச் சோவியத் தரப்பு பதவியேற்கவே விடவில்லை.