பழைய லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். கம்ப்யூட்டர் இல்லாத, டீசல் பம்ப் வைத்த பழைய வண்டிகளோடுதான் எனக்கு நெடுநாள் பழக்கம், அதனால் அந்த வண்டிகளைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவில்லை என்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும், நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம். இதைச் சொல்லாமல் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் எழுதினால் நான் எந்தப் பக்கம் போவது?

கேள்வி: அண்ணா, சாவி போட்டால் டக்டக்டக் என்று வேகமாகச் சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பேட்டரி இரண்டும் புதுசு. செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள் தம்பி, முதலில் அளந்து பாருங்கள். சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் விழுந்து அது விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது, அதுதான் அந்தச் சத்தம். பேட்டரி புதுசாக இருந்தாலும் கரண்ட் போகும் வழி கெட்டிருந்தால் இதேதான் நடக்கும். முழு சார்ஜில் ஒரு பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், தொடராக இணைத்த இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அது சரியாக இருந்தால் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலேயே வையுங்கள் (கிளாம்பில் இல்லை, ஈயக் கம்பத்தில்), இன்னொன்றை செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டில் வைத்துக்கொண்டு ஒருவரை சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. அப்புறம் மைனஸ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இதே சோதனை. பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான்.

ஒரு வண்டியில் பேட்டரி, செல்ஃப் மோட்டார் எல்லாம் மாற்றிய பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயிண்ட், அதன் மேல் துரு, பட்டையின் பின்னல் கம்பிகளில் பாதி பச்சைப் பொடியாகக் கையில் உதிர்ந்தது. வேறு பட்டை போட்டு, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்கினோம், முதல் திருப்பிலேயே பிடித்தது. கண்ணால் பார்த்து "இணைப்பு சரி" என்று நான் சொல்வதே இல்லை, கழற்றித்தான் பார்ப்பேன்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி.

பதில்: ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவி திருப்புங்கள். வெளிச்சம் குறையவே இல்லை என்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை: சாலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது பிரஷ் தேய்ந்திருக்கும். வெளிச்சம் செத்தே போனால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கிறது. நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கெட்டியாக நின்றால் விட்டுவிடுங்கள், சிலிண்டரில் தண்ணீர் நிற்கலாம், வற்புறுத்தினால் கனெக்டிங் ராடு வளையும்.

கேள்வி: இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் அடிக்கடி செத்துப்போகிறது. ஏன் சார்?

பதில்: ரேடியோ, செல்போன் சார்ஜருக்காக அந்த ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா பாருங்கள். அது தினமும் கொஞ்சம் காலியாகும், ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். கடைசியில் இரண்டும் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வைப்பதுதான் சரி.

கேள்வி: இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, புகையே வரவில்லை. நேற்றுதான் டீசல் ஃபில்டர் மாற்றினேன்.

பதில்: புகை இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. ஃபில்டர் மாற்றிய மறுநாள் என்றால் ஏர் லாக்தான் (டீசல் வழியில் காற்று அடைத்துக்கொள்வது) முதல் சந்தேகம். ஆனால் அதற்கு முன் இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். அந்தக் கேபிளுக்குப் பதில் சாலினாய்டு வைத்த பம்ப் என்றால் சாவியை ஆன் செய்யும்போது பம்ப் பக்கம் ஒரு மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும்.

அது சரி என்றால் ஃபில்டர் மேலே இருக்கும் பிளீட் ஸ்குருவை (காற்றை வெளியே விடும் திருகு) தளர்த்தி, கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி இல்லாமல் தெளிவான டீசல் வரும்போது அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து பம்பிலும் அதேபோல். அப்போதும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டரில் டீசல் குழாயைப் பிடிக்கும் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் கசியும்வரை சுற்றவிட்டு இறுக்க வேண்டும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செல்ஃபையும் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், இடையில் ஆறவிடுங்கள்.

தினமும் காலையில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் டேங்க்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில் காற்று இழுக்கிறது. இந்தப் பக்கம் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்கே தெரியாது. ஃபீடு பம்புக்கு முன்னால் டீசல் தாங்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். குழாய் இணைப்புகளில் பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: குளிரில் வெள்ளைப் புகை மட்டும் கக்குகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, எரியச் சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்குவது) இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள், மெதுவாகச் சுற்றினால் அழுத்தும் காற்று சூடாகாது. இரண்டும் சரி என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று சரியாக அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹீட்டர் பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள வண்டியில் ஸ்பிரே கூடவே கூடாது, பழுத்த கம்பியில் பட்டு வெடிக்கும்.

கேள்வி: தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: பேட்டரி, செல்ஃப் கோளாறுக்கு மட்டும்தான் அது உதவும், டீசல் வராத வண்டியைத் தள்ளிப் பயனில்லை. ஏர் பிரேக் வண்டியில் ஏர் டேங்கில் காற்று இல்லாமல் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்டது நான்தான். மைனஸ் பக்கம் 2 வோல்ட் காட்டியது. எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன், வண்டி பிடித்துவிட்டது!

பதில்: ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்பேனர் கையில் இருக்கும்போதே கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் சின்ன எர்த்தையும் கழற்றிப் பாருங்கள், அதுவும் அதே வயசுதான்.