சரயேவோவுக்கும் போருக்கும் நடுவில் 37 நாட்கள்: வாசகர் கேள்வி பதில்

முதல் உலகப்போரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் கொஞ்ச நாளாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒன்றைத் தொட்டால் அடுத்தது வரும் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஒரு இளவரசரை யாரோ ஒருவன் சுட்டதற்காக உலகமே எதற்குச் சண்டை போட்டது? நான் படிக்கும்போதும் புரியவில்லை, இப்போது மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் புரியவில்லை. (ஒரு வாசகி, திருவாரூர்)

பதில்: 1914 ஜூன் 28 அன்று போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது போஸ்னிய செர்பியப் பையன் சுட்டுக் கொன்றான். பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாட்கள் போயிருக்கின்றன. பாடப்புத்தகம் இந்த 37 நாட்களை ஒரே வரியில் தாண்டிவிடுவதால்தான் எல்லாமே தானாக நடந்துவிட்டது போல நமக்குத் தோன்றுகிறது. தானாக நடக்கவில்லை. ஆஸ்திரியா, ஜெர்மனி, ரஷ்யா மூன்றின் தலைநகரங்களான வியன்னாவிலும் பெர்லினிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்த, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் எடுத்த முடிவுகளால் நடந்தது, அவர்களில் ஒவ்வொருவருக்கும் நிறுத்திக்கொள்ள இடம் இருந்தது என்பதுதான் என் கருத்து.

பின்னணி என்னவென்றால், 1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது, பக்கத்து நாடான செர்பியா அதை மறக்கவில்லை, 1912-13 பால்கன் போர்களுக்குப் பிறகு செர்பியா ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. செர்பியாவுக்கு ரஷ்யாவின் ஆதரவு, ரஷ்யாவோடு பிரான்ஸ் 1894-லிருந்தே கூட்டணி, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை, ஜெர்மனியின் கடற்படை வளர்வதைப் பார்த்து பிரிட்டன் மற்ற இருவரோடும் நெருங்கியிருந்தது. சரி, இந்தக் கூட்டணிகள் 1908-லும் இருந்தன, 1912-லும் இருந்தன. அப்போதெல்லாம் பெரிய நாடுகள் மோதிக்கொள்ளவில்லையே.

1914-ல் என்ன மாறியது என்று பாருங்கள். ஆஸ்திரியத் தலைமைத் தளபதி கான்ராட், செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தவர். அவருக்குக் குறுக்கே நின்றவர்களில் முக்கியமானவர், கொலையான ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டேதான். அந்த மனிதருடைய சாவைக் காட்டியே போருக்கு வழி பண்ணினார்கள். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, நீங்கள் என்ன செய்தாலும் நாங்கள் பின்னால் நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகும் உடனே எதுவும் செய்யவில்லை. பிரான்ஸ் ஜனாதிபதி ரஷ்யப் பயணத்தில் இருக்கிறார், இரண்டு நாடுகளும் நேரில் கலந்து பேசிவிடும் என்று, அவர் கிளம்பும் ஜூலை 23 வரை காத்திருந்து, 48 மணி நேரக் கெடு வைத்து செர்பியாவுக்கு ஓலை அனுப்பினார்கள். செர்பியா கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் கலந்துகொள்வதை மட்டும் மறுத்தது. ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் கைசரே, இனி போருக்குக் காரணமில்லை என்று எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது.

ரஷ்ய ஜார் முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவு போட்டு, கைசரின் தந்தியைப் பார்த்து 29-ம் தேதி இரவில் அதை நிறுத்திவைத்து, 30-ம் தேதி அமைச்சர்களும் தளபதிகளும் நெருக்கியதும் மறுபடி போட்டார். ஜெர்மனியிடம் இருந்ததோ ஒரே திட்டம்: ரஷ்யாவோடு சண்டை என்றாலும் முதலில் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை வீழ்த்துவது. கிழக்கே மட்டும் படையைத் திருப்ப முடியுமா என்று கைசர் ஆகஸ்ட் 1 அன்று கேட்டார், முடியாது என்று தளபதி மோல்ட்கே சொல்லிவிட்டார். பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 உடன்படிக்கையில் பிரிட்டன் உத்தரவாதம் கொடுத்திருந்தது, அதனால் பிரிட்டனும் வந்தது. மகளுக்கு இந்தத் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்காட்டுங்கள், புரிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் மொத்தப் பழியும் ஜெர்மனிக்குத்தானா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: மொத்தமும் இல்லை. வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் பெரும்பங்கு என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு சின்ன நாட்டை அடிப்பதற்காகப் பெரிய போர் வந்தாலும் வரட்டும் என்று தெரிந்தே துணிந்தவர்கள் அவர்கள். ரஷ்யா அவசரப்பட்டது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே, நாங்கள் சும்மா இருக்கமாட்டோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல ஜூலைக் கடைசி வரை எடுத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் வாதாடுவார்கள்.

கேள்வி: யாராலும் ஜெயிக்க முடியவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் நான்கு வருடம் இழுத்தார்கள்? நடுவில் யாருமே சமாதானம் பேசவில்லையா? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: பேசினார்கள். அதுதான் இந்தப் போரில் என்னை மிகவும் வருத்துகிற பகுதி.

முதலில் சண்டை எப்படிச் சிக்கிக்கொண்டது என்று பார்க்கலாம். ஆறு வாரத்தில் பிரான்சை முடித்துவிடலாம் என்ற ஜெர்மனியின் கணக்கு, 1914 செப்டம்பரில் பாரிசுக்குப் பக்கத்தில் மார்ன் ஆற்றங்கரையில் உடைந்தது. இரண்டு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்தன. அந்தக் கோடு சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வட கடல் வரை சுமார் 700 கிலோமீட்டருக்கு நீண்டது. முள்கம்பி, இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி எல்லாம் காப்பவனுக்குச் சாதகம். எதிரியின் பதுங்குகுழி வரிசையை எங்காவது உடைத்தாலும், உடைத்தவன் சேற்றில் நடந்து முன்னேற வேண்டும், காப்பவனோ பின்னாலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிடுவான். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் செத்தார்கள். வெர்டனில் பத்து மாதச் சண்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து 3 லட்சம் பேர் போல இறந்தார்கள், கடைசியில் போர்முனை ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. யீப்ர் நகருக்கு அருகே 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது, அப்புறம் எல்லோரும் விஷவாயுவைப் பயன்படுத்தினார்கள்.

சமாதானத்துக்கு வருகிறேன். 1916 டிசம்பரில் ஜெர்மனி ஒரு அழைப்பு விடுத்தது, ஆனால் என்ன விட்டுக்கொடுப்போம் என்று அதில் சொல்லவே இல்லை, எதிர்த்தரப்பு தள்ளிவிட்டது. 1917-ல் ஆஸ்திரியாவின் புதுப் பேரரசர் கார்ல் தன் மைத்துனர் மூலம் பிரான்சோடு ரகசியமாகப் பேசிப் பார்த்தார். அதே வருடம் ஜூலையில், யார் நிலத்தையும் பறிக்காத சமாதானம் வேண்டும் என்று ஜெர்மன் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது, ராணுவத் தலைமை காதில் வாங்கவில்லை. ஆகஸ்டில் போப் பதினைந்தாம் பெனடிக்ட் முயன்றார். எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது: பெல்ஜியத்தை முழுதாக விட ஜெர்மனிக்கு மனமில்லை, 1871-ல் ஜெர்மனியிடம் இழந்த அல்சாஸ்-லொரேன் பகுதியை மீட்காமல் நிறுத்த பிரான்ஸ் தயாரில்லை, நேசநாடுகள் (பிரிட்டன், பிரான்ஸ் தரப்பு) இத்தாலிக்கும் ரஷ்யாவுக்கும் அடுத்தவர் நிலத்தை ரகசிய ஒப்பந்தங்களில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தன. இத்தனை லட்சம் பேரைப் பலிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்ற பயம் எல்லா அரசுகளுக்கும் இருந்தது, அந்தப் பயத்தாலேயே இன்னும் பல லட்சம் பேரை அனுப்பினார்கள்.

முடிவு வேகமாக வந்தது. ரஷ்யா புரட்சியில் விலகியது, 1917 ஏப்ரலில் அமெரிக்கா இறங்கியது, 1918 மார்ச்சில் ஜெர்மனி கடைசியாகப் பெரிய தாக்குதல் நடத்தித் தோற்று, ஆகஸ்டிலிருந்து பின்வாங்கியது. நவம்பர் 11 விடிகாலை 5 மணிக்குச் சற்றுப் பிறகு போர்நிறுத்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, 11 மணிக்கு அமலுக்கு வரும் என்பதும் தளபதிகளுக்குத் தெரியும். அந்த ஆறு மணி நேரத்திலும் சில அமெரிக்கத் தளபதிகள் தாக்குதலை நிறுத்தவில்லை. அன்று ஒரே நாளில், மேற்கு முனையில் இரு தரப்பிலுமாக இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கேள்வி: எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது இந்தப் போரில்தானே? (9-ம் வகுப்பு மாணவி, செங்கல்பட்டு)

பதில்: ஆமாம் கண்ணு, 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, பயந்துபோய் நிறையப் பேர் ஊரைக் காலி செய்தார்கள். அந்த ஜெர்மன் போர்க்கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்துவைத்தது.

கேள்வி: வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியை நசுக்கியதால்தான் ஹிட்லர் வந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேசநாடுகள் கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தால் இரண்டாம் உலகப்போரே வந்திருக்காது அல்லவா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)

பதில்: நானும் பல காலம் கேட்டுவந்த வாதம்தான், ஆனால் தேதிகள் இதோடு ஒத்துப்போகவில்லை.

ஒப்பந்தம் கடுமையானதுதான், மறுக்கவில்லை. 1919 ஜூன் 28, சரயேவோ நடந்து சரியாக ஐந்து வருடம் கழித்து கையெழுத்தானது. அல்சாஸ்-லொரேன் பிரான்சுக்குப் போனது, போலந்து மறுபடி நாடானது, ஜெர்மன் படை ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள், 231-வது பிரிவு போரின் பொறுப்பை ஜெர்மனி தரப்பின் மேல் வைத்தது, 1921-ல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயித்தார்கள். அதில் பெரும்பகுதி பேருக்கு எழுதிவைத்தது, உண்மையில் வசூலிக்க நினைத்தது 5,000 கோடி. இதே ஜெர்மனி 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க்கில் ரஷ்யாவிடம் வாங்கிய கையெழுத்து இதைவிடக் கொடுமையானது. உக்ரைன், போலந்து, பால்டிக் பகுதிகள் எல்லாம் ரஷ்யாவின் கையைவிட்டுப் போயின.

1923-ல் ஜெர்மன் பணம் செல்லாக்காசாகி ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று போனது உண்மை. ஆனால் அடுத்த வருடமே புது நாணயம், இழப்பீட்டுத் தவணையில் சலுகை, அமெரிக்கக் கடன் எல்லாம் வந்து நாடு நிமிர்ந்துவிட்டது. 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். வெர்சாய் ஒப்பந்தம் அப்போதும் அப்படியேதான் இருந்தது. 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்து லட்சக்கணக்கில் வேலை போன பிறகு, 1932 ஜூலையில் அவர்களுக்கு 37 சதவீதம். அதே ஜூலையில் லோசான் மாநாட்டில் இழப்பீட்டையே கைவிட்டார்கள். அதாவது ஹிட்லர் பதவிக்கு வரும்போது இழப்பீடு என்ற பாரமே இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது தோல்வியை மறைத்த பொய். 1918 செப்டம்பர் 29 அன்று, போரை உடனே நிறுத்தியாக வேண்டும் என்று கைசரிடம் கேட்டவர்களே தளபதிகள் ஹிண்டன்பர்கும் லூடன்டார்ஃபும்தான். கையெழுத்துப் போடும் அவமானத்தை மட்டும் அரசியல்வாதிகள் தலையில் கட்டிவிட்டார்கள். போர் நின்ற அன்று ஜெர்மன் படை இன்னும் பெல்ஜிய, பிரெஞ்சு மண்ணில்தான் இருந்தது, சொந்த ஊரில் எதிரியைப் பார்க்காத மக்களுக்குத் தோற்றுவிட்டோம் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. ஒரே வருடத்தில் ஹிண்டன்பர்க் விசாரணைக் குழு முன் வந்து, படை தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்றார். போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட எர்ஸ்பெர்கரை 1921-ல் தீவிர வலதுசாரிகள் சுட்டுக் கொன்றார்கள்; 1917 சமாதானத் தீர்மானத்துக்கு முன்நின்றவரும் அவர்தான். ஹிண்டன்பர்க் 1925-ல் ஜனாதிபதியானார், 1933 ஜனவரியில் ஹிட்லரைப் பிரதமராக நியமித்ததும் அவரே. ஆகவே நேசநாடுகள் இரக்கம் காட்டினார்களா என்பதோடு, ஜெர்மனியின் தளபதிகள் தங்கள் மக்களிடம் உண்மையைச் சொன்னார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, என் தாத்தாவின் அண்ணன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர், திரும்பவில்லை. பெயரும் ஊரும் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்காவது தேட முடியுமா? (வேலூர் மாவட்ட வாசகர்)

பதில்: முடியும். பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் போல அந்தப் போரில் பணியாற்றினார்கள், சுமார் 74,000 பேர் இறந்தார்கள், மெசபடோமியாவுக்குத்தான் மிக அதிகமானவர்கள் போனார்கள். அங்கே கூட் நகரில் மாதக்கணக்கில் துருக்கிப் படையின் முற்றுகையில் பட்டினி கிடந்து 1916 ஏப்ரல் 29-ல் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். கைதிகளாகப் பாலைவனத்தில் நடக்கவைத்ததில் எத்தனையோ பேர் செத்தார்கள், அவர்களின் தளபதி டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியாக இருந்தார்.

கல்லறை தெரியாதவர்களுக்கு ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் உண்டு. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர் இருக்கும், இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் மட்டும்தான் பொறித்தார்கள். இந்த அநீதியை காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021-ல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் பெயர் இல்லாவிட்டாலும் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு இருக்கலாம், இலவசமாகவே தேடலாம். வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயரைப் பல விதமான எழுத்துகளில் போட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் 1914 முதல் 1921 வரை என்று காலத்தைக் குறுக்கி, இந்தியப் படை என்று தேர்ந்தெடுத்து, மெட்ராஸ் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா என்று இருக்கும், அதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருப்பது போல, இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர் என்ற கல்வெட்டு உங்கள் ஊரிலும் இருக்கிறதா என்று பழைய சாவடி, பள்ளிக்கூடம், கோயில் சுவர்களில் பாருங்கள். பதிவு கிடைத்தால் படைப்பிரிவின் பெயரையும் சிப்பாய் எண்ணையும் எனக்கு எழுதுங்கள், அந்தப் பிரிவு எங்கெங்கே போனது என்று அடுத்த இதழ்களில் தேடிச் சொல்கிறேன்.