இலை கட்டி நடிக்கக் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமம் எங்களுடையது. நாங்கள் மலையாளி பழங்குடியினர். காபி, மிளகு, கொஞ்சம் பலா இருக்கிறது. சமீபத்தில் வந்த ஒரு படத்தில் எங்கள் மலையைக் காட்டிவிட்டு, இலை தழை கட்டிய ஆட்கள் ஈட்டியோடு 'ஹூ ஹூ' என்று கத்திக்கொண்டு ஹீரோவைச் சுற்றி ஆடுவதுபோல் வைத்திருக்கிறார்கள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் தங்கையை இப்போது அந்தச் சத்தத்தை வைத்தே கூப்பிடுகிறார்களாம். எங்கள் பையன்கள் தியேட்டர் முன்னால் மறியல் செய்யலாம் என்கிறார்கள். பெரியவர்கள் 'சினிமாதானே, விடுங்கடா' என்கிறார்கள். இதற்கு நடுவில் வேறொரு கம்பெனி வந்து, அடுத்த மாதம் உங்கள் ஊரில் ஷூட்டிங், ஊர்க்காரர்கள் 50 பேர் நடிக்க வேண்டும் என்று கேட்கிறது. கூலி நன்றாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் கோபப்படுவது நியாயமா? இவர்களுக்குச் சம்மதிக்கலாமா?

பதில்: அந்தக் கம்பெனிக்கு இன்னும் சரி சொல்லாதீர்கள். சொல்லிவிட்டிருந்தால் அட்வான்ஸாவது வாங்காமல் இருங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. கோடம்பாக்கத்தில் 20 வருடத்துக்கு மேல் உதவி இயக்குநராகவும், பிறகு வட்டார வழக்கு வசனம் பார்த்துக் கொடுப்பவனாகவும் காலம் தள்ளியவன். சேர்ந்த புதிதில் யூனிட்டில் எனக்குப் பெயர் 'வைத்தியர்'. சேலம் என்றதுமே, லாட்ஜில் ரூம் போட்டு வாலிபர்களுக்கு அறிவுரை சொல்லும் டிவி விளம்பரச் சித்த வைத்தியர்தான் அவர்களுக்கு ஞாபகம் வருவார். ஊருக்குப் போய்த் திரும்பினால் 'லேகியம் எங்கய்யா?' என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஏனென்றால் அந்தக் கேலியால் எனக்கு ஒன்றும் நின்றுபோகவில்லை. வாடகைக்கு வீடு கேட்டபோது அதற்காக யாரும் கதவைச் சாத்தவில்லை. சேலம் என்றால் மாம்பழம், வெள்ளிக் கொலுசு, இரும்பாலை, ஜவ்வரிசி, தட்டுவடை செட் என்று பத்து விஷயம் கூடவே நினைவுக்கு வரும். வைத்தியர் பதினோராவது ஆள்.

மதுரைக்காரர் அருவாளோடு வருவதும், கோவைக்காரர் 'ஏனுங்க' என்று குழைவதும், வடசென்னைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவதும் சோம்பேறித்தனமான எழுத்துதான். நானே எழுதியிருக்கிறேன். இரண்டு நிமிடக் கதாபாத்திரத்துக்கு ஊர்ப் பேச்சை ஒட்டவைத்துவிட்டால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மதுரைக்காரர் அடுத்த படத்தில் டாக்டராக, காதலனாக, தாய்மாமனாக வந்துவிடுவார். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உங்கள் மலைக்கு அந்த 'அடுத்த படம்' கிடையாது. அங்கேதான் உங்கள் கோபம் நியாயமாகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அதில் மலையாளிகள் மட்டும் ஏறத்தாழ 3.58 லட்சம். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடி நீங்கள்தான். இத்தனை பேர் இருந்தும், பைக்கில் ரேஷன் கடைக்குப் போகிற, பேங்கில் நகைக்கடன் கேட்டு நிற்கிற, சம்பந்தி வீட்டோடு சண்டை போடுகிற ஒரு மலையாளியைத் திரையில் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பெயரிலேயே குழப்பம் வேறு. 'மலையாளி' என்றால் சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே 'கேரளாவில் எந்தப் பக்கம்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் தங்கிவிட்டார்கள் என்பது உங்கள் பாட்டிமார் சொல்லும் வழிவழிக் கதை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் போஸ்டரில் வெள்ளைச் சட்டையோடு இருக்கிற முகம் சினிமாவுக்கு வந்ததும் இலையைக் கட்டிக்கொள்கிறது.

அந்த 'ஹூ ஹூ' எங்கிருந்து வந்தது தெரியுமா? எந்த மலையிலிருந்தும் இல்லை. பழைய வெள்ளைக்காரக் காட்டுப் படங்களைப் பார்த்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்டது. இதில் சேலத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் மலைக்கு ஏறும் ஏற்காடு சாலையில், இன்று நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ, 1952-இல் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' என்றொரு படம் எடுத்தது. அதில் இந்தியக் காட்டுக்குள், எப்போதோ அழிந்துபோன சடைமுடி மாமூத் யானைகள் வரும்! அமெரிக்கக்காரருக்கு இந்தியா முழுக்கக் காடு, நமக்கு ஏற்காடு காடு. மேலே இருப்பவன் கீழே பார்த்து வரைகிற படம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நாளைக்கு ஒரு படத்தில் உங்கள் மலையைச் சேர்ந்த ஒருவர் குடிகாரராகவோ, மிளகு திருடுபவராகவோ வந்தால் அதற்காகக் கொடி பிடிக்காதீர்கள். பெயரும் வீடும் பெண்டாட்டியும் பிரச்சினையும் உள்ள ஒரு திருடன், ஈட்டி பிடித்த 50 பேரைவிட எவ்வளவோ மேல். நல்லவராக மட்டுமே காட்டு என்று கேட்பது இன்னொரு இலையைக் கட்டிக்கொள்வதுதான்.

இதே பேதத்தை 2024-இல் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் பேசியது. ஒரு இந்திப் படத்தின் மீது போடப்பட்ட வழக்கு அது. குறையோடு வாழும் அனுபவத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று நீதிபதிகள் பிரித்தார்கள். படத்தில் கைவைக்க மறுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு சாராரைப் பற்றி எடுக்கும்போது அவர்களைக் கலந்து எடுங்கள் என்று வழிகாட்டினார்கள். அந்த வழிகாட்டுதலை உங்கள் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இனி மறியல். வேண்டாம் என்பேன். தியேட்டர்காரருக்குக் கண்ணாடி உடையும், பையன்கள் மேல் எஃப்.ஐ.ஆர். விழும், படத்துக்கு இலவச விளம்பரம் கிடைக்கும். 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில், போராட்டம் வரும் என்ற பயத்துக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவதூறு வழக்கும் நிற்காது. 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் சொன்ன கருத்து தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். நம் மேட்டூர் நீதிமன்றத்துக்கே அவர் வந்து நிற்க வேண்டியிருந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் 23 வழக்குகளையும் ரத்து செய்தது. 'தமிழ்ப் பெண்கள்' என்பது அவதூறுச் சட்டம் கேட்கிற மாதிரி வரையறுத்துக் காட்டக்கூடிய குழு இல்லை என்பது ஒரு காரணம். பெயர் சொல்லாமல் மலையை மட்டும் காட்டிய படத்துக்கு எதிராக உங்கள் வக்கீல் இதைத் தாண்டுவது கஷ்டம்.

பலன் கிடைக்கக்கூடிய இடம் டிவியும் ஓடிடியும். 1994-ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில், குறிப்பிட்ட இன, மொழி, வட்டாரக் குழுக்களை ஏளனமாகவும் மட்டமாகவும் காட்டும் காட்சிகள் கூடாது என்று ஒரு வாசகமே இருக்கிறது. விதி 6(1)(எம்). சினிமாக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. படம் டிவியில் வந்ததும் சேனலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஓடிடி தளங்களுக்கும் 2021 விதிகளின்படி அதே 24 மணி நேரம், அதே 15 நாள். 'எங்கள் மனம் புண்பட்டது' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். எத்தனையாவது நிமிடம், என்ன காட்சி, காட்டியிருப்பது எங்கள் மலையின் எந்த இடம், நிஜத்தில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் கையெழுத்தும் இருபது பேர் கையெழுத்தும் இருக்கட்டும்.

உங்கள் தங்கை விஷயம் இதையெல்லாம்விட அவசரம், அதற்குச் சட்டமும் கூர்மையானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் ஒரு திருத்தம் வந்தது. இனம், சாதி, பிறந்த இடம், வசிக்கும் இடம், வட்டாரம், மொழி இவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான். 'சும்மா விளையாட்டுக்கு' என்பது பதிலாகாது. ஹாஸ்டல் வார்டனிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பழங்குடி என்று தெரிந்தே, பிறர் முன்னிலையில், வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகும். அதை முதல் நாளே எடுக்க வேண்டாம். இருக்கிறது என்று வார்டனுக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது அந்தக் கம்பெனி.

படம் வெளிவந்த பிறகு உங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். ஷூட்டிங்குக்கு முன்னால் கேட்டே ஆக வேண்டும். லொகேஷன் பார்த்தாகிவிட்டது, ஹீரோ கால்ஷீட் வாங்கியாகிவிட்டது, லாரி கொண்டை ஊசி வளைவு ஏறத் தயாராக நிற்கிறது, ஊர் சம்மதிக்கவில்லை என்றால் புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு இருக்கிற பலம் அந்தச் சில நாள்தான். அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அதுவும் போச்சு.

முதலில் டயலாக் பேப்பர் கேளுங்கள். முழு ஸ்கிரிப்டைக் கொடுக்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். உங்கள் ஊரில் எடுக்கிற சீன்களின் பேப்பர் போதும். உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், யார் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். 'ட்ரைபல் 1, ட்ரைபல் 2' என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு பேருக்காவது பெயர் வைக்கச் சொல்லுங்கள். பெயர் வைத்துவிட்டால் எழுதுகிறவனுக்கே அந்த ஆளை 'ஹூ' என்று கத்தவைக்கக் கை வராது. என் அனுபவத்தில் இது வேலை செய்கிறது.

உடை என்ன என்று கேளுங்கள். உங்கள் சொந்த உடைதான் என்று எழுதி வாங்குங்கள். பல வருடங்களுக்கு முன் வேறொரு மலையில், வயதான ஒருவரிடம் சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள் என்று நான்தான் போய்ச் சொன்னேன். எனக்கு மேலே இருந்தவர் சொல்லி அனுப்பியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'சட்டை போட்டா மலை ஓடிப் போயிருமா?' என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அன்று அவருக்குப் பதிலாகப் பட்டணத்திலிருந்து வந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் சட்டையைக் கழற்றினார்.

அதைவிட முக்கியம் டப்பிங். இது வெளியாட்களுக்குத் தெரியாத சங்கதி. கேமரா முன்னால் நீங்கள் ஒழுங்காகத்தான் பேசியிருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு ஏ.சி. ரூமில் நாலைந்து பேர் உங்கள் வாய்க்கு வேறு சத்தம் போட்டுவிடுவார்கள். அந்த 'ஹூ ஹூ' பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே, ஊர்க்காரர்கள் வாயசைக்கும் இடங்களுக்கு ஊர்க்காரர்களே டப்பிங் பேச வேண்டும், இரண்டு பேரைச் செலவு கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள். கம்பெனிக்கு இது பெரிய செலவில்லை. அங்கே போய் உட்காரும் இரண்டு பேர் இருந்தாலே பாதி அசிங்கம் குறைந்துவிடும்.

மற்றவை சில்லறை. கூலியும் பேட்டாவும் ஆளாளுக்குக் கையில் போகட்டும், ஏஜென்ட் கையில் வேண்டாம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நடிக்கவைக்க கலெக்டர் அனுமதி வேண்டும், ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கோயிலுக்குள் கேமரா வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்டால் மேனேஜர் சிரித்துக்கொண்டே, 'அதெல்லாம் டப்பிங்ல பாத்துக்கலாம்ணே' என்பார். தம்பி, என் தொழிலில் நடந்த பாவங்களில் பாதி அந்த ஒரு வார்த்தையில்தான் நடந்தது. எழுதிக் கொடுத்தால் ஷூட்டிங் நடக்கட்டும், நானே வந்து வசனம் பார்த்துத் தருகிறேன். எழுத மறுத்தால் உங்கள் தோட்டத்துக் காபி ஒரு டம்ளர் கொடுத்து, இருட்டுவதற்குள் 20 வளைவையும் இறங்கிவிடச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.