பெரியப்பா சோடா பருக்கியபோது நீர் எங்கே நின்றீர்?

கேள்வி: எனக்கு 21 வயது. ஊர் உரும்பிராய். ஏ.எல். உயிரியலில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி காணாததால், சென்னையில் விபத்து, அவசர சிகிச்சைப் பட்டப்படிப்பில் சேர்ந்து இரண்டாம் வருடம் முடிக்கிறேன். செலவெல்லாம் பெரியப்பாவுடையது. இப்போது அவர், "அம்புலன்ஸில் ஏறித் திரியிற பெட்டையை ஆர் கட்டுவான்? விட்டிட்டு வந்து வேற ஏதும் படி" என்கிறார். அப்பா இல்லாத வீடு, அவரை எதிர்த்துக் கதைக்க முடியாது. போன லீவுக்கு நான் வந்து நின்றபோது அப்பப்பா கிணற்றடியில் விழுந்து வாய் கோணிவிட்டது. அப்போதும் பெரியப்பாதான் சோடா பருக்கி, ஓட்டோவில் ஏற்றி, தெரிந்த டொக்டரிடம் காட்டி, பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இப்போது அப்பப்பாவுக்கு வலது கை வழங்காது. நன்றி மறக்க ஏலுமா? படிப்பை விடவா, தொடரவா?

பதில்: பிள்ளை, வீட்டில் மறிக்கிறார்கள், மாப்பிள்ளை கிடைக்காது என்கிற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வரும். நேர்சிங் படிக்கிறவள் எழுதுவாள், பொலிஸில் சேர்ந்தவள் எழுதுவாள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கிணற்றடிக்குப் போவோம்.

வாய் கோணியது என்று எழுதியிருக்கிறீர். அது பாரிசவாதம் என்று அங்கே நின்றவர்களில் உமக்குத்தான் முதலில் விளங்கியிருக்கும். விளங்கவில்லை என்றால் படிப்பை இன்றைக்கே விடலாம், பெரியப்பாவின் காசாவது மிச்சம். விளங்கியது என்றால், சோடாப் போத்தல் வாய்க்குக் கிட்டப் போகும்போது ஏன் மறிக்கவில்லை? வாய் கோணினவருக்கு விழுங்குவதும் பிழைக்கும், குடித்தது சுவாசப்பைக்குள் இறங்கினால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று படித்திருப்பீரே.

1990 அம்புலன்ஸுக்கு ஏன் போன் அடிக்கவில்லை? ஐந்து சதம் கேட்காத சேவை, 2018 ஜூலையில் இருந்து யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. படுக்க வைத்துக் கொண்டுபோவார்கள், ஒட்சிசன் இருக்கும், பயிற்சி எடுத்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். நீங்கள் அவரை ஓட்டோவில் இருத்தி, முதலில் டொக்டரின் வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறீர்கள். மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் ஊசி போட முடியாது. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி என்றால் நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அந்த டொக்டர் வீட்டிலா ஸ்கேன் இருக்கிறது? கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாய் இருந்தார் என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டிருப்பார்கள். அதற்கும் பெரியப்பாதான் பதில் சொன்னாரா?

அம்புலன்ஸ் வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊசி எல்லாருக்கும் பொருந்தாது. பெரியப்பாவையும் குறை சொல்லமாட்டேன். பாவம், தெரியாத மனுசன், பதறிப்போய்த் தன்னால் ஏலுமானதைச் செய்தார். தெரிந்த நீர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, இப்போது எனக்கு நன்றியைப் பற்றி எழுதுகிறீர்.

நான் பழைய ஆள். பெரியவர்கள் வந்தால் எழும்பி நிற்க வேண்டும், கல்யாணப் பேச்சென்றால் அவர்களை முன்னுக்கு விட வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லுகிறவள். ஆனால் கிழவர் கண்முன்னே சரிந்து கிடக்கும்போது "பெரியப்பா, ஒன்றும் குடிக்கக் குடுக்காதேங்கோ" என்று சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அந்த மனுசன் இரண்டு வருடமாகக் காசு கட்டினது நீர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லத்தான்.

படிப்பைத் தொடரும். வாய் திறக்கப் பழகுவதென்றால் மட்டும் தொடரும். கண்டி வீதியில் ஒரு விபத்து நடந்தால் அங்கே பத்துப் பெரியப்பாமார் நிற்பார்கள். ஒருவர் காலைப் பிடித்து இழுப்பார், ஒருவர் தண்ணீர் பருக்குவார். "தூக்காதேங்கோ, கழுத்தை அசைக்காதேங்கோ" என்று அத்தனை பேருக்கும் மேலாகக் கத்த வேண்டியது உம்முடைய வேலை. வீட்டுக்குள் ஒருவரிடம் சொல்லமாட்டாதவள் ரோட்டில் என்ன செய்வாள்?

மாப்பிள்ளை விசயம் சின்ன விசயம். 1990 வண்டிகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். அம்புலன்ஸில் போகிறவள் வேண்டாம் என்கிற வீட்டில் நாளைக்கு மாமியார் விழுந்தாலும் சோடாதான் பருக்குவார்கள், அந்தச் சம்பந்தம் தப்பினது நல்லதுக்கே. அப்புறம், பெரியப்பாவைச் சமாளிக்க வெளிநாட்டு ஆசை காட்டாதேயும். அவுஸ்திரேலியாவில் 2018 டிசம்பரில் இருந்து தேசியப் பதிவு இல்லாதவர் தன்னைப் பரமெடிக் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. இந்தப் பட்டத்தோடு போய் இறங்கின உடனே அந்தப் பதிவு கையில் கிடைக்காது.

இன்றைக்கு இரவு வீட்டுக்கு எடும். அப்பப்பா தேத்தண்ணி குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்த பிறகு குரல் கரகரக்கிறதா என்று கேளும். ஓம் என்றால் போனைப் பெரியப்பாவிடம் குடுக்கச் சொல்லி, அடுத்த கிளினிக்கில் விழுங்குவதைச் சோதிக்கக் கேட்கச் சொல்லும். அதுவரைக்கும் நிமிர்த்தி இருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கட்டும். அம்மாவைக் கொண்டு சொல்லுவிக்காதேயும், நீரே சொல்லும். படிப்புக் கதையை அதற்குப் பிறகு எடும்.