ஏர் ஃப்ரையரில் முழு உருளைக்கிழங்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

லெஸ்டரில் ஒரு பள்ளிச் சமையலறையில் 11 வருடம் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டில் ஜாக்கெட் பொட்டேட்டோ இல்லாத நாள் குறைவு. தோலோடு முழுசாகச் சுட்டு, பிளந்து, வெண்ணெய் வைத்துக் கொடுக்கும் உருளைக்கிழங்கு அது. அங்கே ஆள் உயர அவன் அடுப்பு. இப்போது கோவை வீட்டில் நாலு லிட்டர் ஏர் ஃப்ரையர். சுடும் கிழங்கு மட்டும் அதேதான். கேட்டவற்றுக்கு வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருச்சி: அக்கா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?

200 டிகிரி. கிழங்கு 200 முதல் 250 கிராம் என்றால் 40 முதல் 45 நிமிடம்; பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். 150 கிராம் சின்னக் கிழங்கு அரை மணியில் ஆகிவிடும். 350 கிராமுக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும்.

நிமிடத்தை மட்டும் நம்பி வெளியே எடுக்காதீர்கள். மெல்லிய கத்தியை நடுவரை இறக்கினால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 முதல் 99 டிகிரி காட்டும்வரை விடுங்கள். 85 டிகிரியிலேயே கிழங்கு வெந்ததுபோல இருக்கும், சாப்பிடவும் முடியும். ஆனால் உள்ளே இறுகிக் கிடக்கும். 95 தாண்டிய பிறகுதான் உதிர்ந்து மாவாகும்.

மற்றபடி வேலை குறைவு. மண் போகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, தோல் நன்றாகக் காயட்டும். முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். கெட்டியான உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கூடையில் வையுங்கள். ஒன்றையொன்று தொடக்கூடாது, காற்று சுற்றிவர இடம் வேண்டும். எண்ணெயைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுங்கள். முதலிலேயே தடவினால் தோல் கொஞ்சம் தோல்பட்டை மாதிரி இழுக்கும், பின்னால் தடவினால் மொறுமொறுப்பாகும். எடுத்தவுடன் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இரண்டு பக்கமும் அமுக்கி ஆவியை வெளியே விடுங்கள். கீறாமல் ஐந்து நிமிடம் வைத்தால் அந்த ஆவி திரும்பத் தண்ணீராகி உள்ளே இறங்கிவிடும்.

சேலம்: ஹோட்டலில் ஃபாயில் சுற்றித்தானே தருகிறார்கள்? ஏர் ஃப்ரையரிலும் ஃபாயில் சுற்றி வைக்கலாமா மேடம்?

வேண்டாம். ஃபாயில் சுற்றினால் கிழங்கு தன் ஆவியிலேயே வேகும். தோல் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். ஏர் ஃப்ரையரின் வேலையே சூடான காற்றைத் தோலில் அடிப்பது. அந்தக் காற்றைத் தடுத்துவிட்டு அந்தப் பெட்டியை எதற்கு ஓட்ட வேண்டும்?

இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. 1994-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு பாட்டுலிசம் என்னும் நஞ்சு பாதிப்பு வந்தது. ஃபாயிலில் சுட்ட உருளைக்கிழங்குகளை ஃபாயிலோடு அப்படியே வெளியே வைத்திருந்து, பிறகு அவற்றை மசித்துத் தொட்டுக்கொள்ளும் கலவை செய்திருக்கிறார்கள். மண்ணோடு வரும் அந்தக் கிருமியின் வித்து 100 டிகிரியிலும் சாகாது. ஃபாயிலுக்குள் காற்று இல்லை, ஈரம் உண்டு, வெதுவெதுப்பும் உண்டு. வளர்வதற்கு வேறென்ன வேண்டும்? நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சு அது. பள்ளியில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே இதுதான்: சுட்ட கிழங்கை மூடிச் சுற்றி வெளியே வைக்காதே. சூடாகவே பரிமாறு, இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்து ஃப்ரிட்ஜில் வை.

யாழ்ப்பாணம்: அக்கா, இஞ்ச நுவரெலியாக் கிழங்கும் இருக்கு, இறக்குமதிக் கிழங்கும் இருக்கு. எது நல்லம்?

பெயரைவிட மாவைப் பாருங்கள் தங்கச்சி. ஒரு கப் பொடியுப்பை 11 கப் தண்ணீரில் கரைத்து, கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் மாவு அதிகம், சுடலாம். மிதந்தால் தண்ணீர் அதிகம், கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கிழங்கில் வகைக்கு ஒன்று வாங்கி வந்து சோதித்தால் போதும்.

குன்னூர்: எங்கள் ஊர்க் கிழங்கு இருக்கும்போது வெளிநாட்டு ரஸ்ஸெட் எதற்கு?

எதற்கும் வேண்டாம். நான் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் நீலகிரிக் கிழங்கைத்தான் வாங்குகிறேன். தோல் தடித்து முற்றினதாகப் பொறுக்குவேன். விரலால் தேய்த்தால் தோல் உரிகிற புதுக்கிழங்கு இதற்கு ஆகாது. அதில் தண்ணீரும் இனிப்பும் கூடுதல், மாவு குறைவு.

நம் நாட்டு வகைகள் பலவற்றின் பெயர் ‘குஃப்ரி’ என்று தொடங்கும். சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயர் அது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வகைகளுக்கு அந்தப் பெயர் சேர்ந்துகொள்ளும். ஊட்டியில் முத்தோரையில் அவர்களுக்கு ஒரு நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968-இல் வந்த குஃப்ரி ஜோதி நடுத்தரம். முற்றின கிழங்காக இருந்தால் நன்றாகவே சுடலாம். 1998-இல் சிப்ஸ் தொழிற்சாலைகளுக்காக வந்த குஃப்ரி சிப்சோனாவில் மாவு அதிகம், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கிங் எட்வர்ட் 1902-ஆம் ஆண்டு வகை, ஏழாம் எட்வர்டு முடிசூடிய ஆண்டு. மாரிஸ் பைப்பர் 1966. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஆராய்ச்சிப் பண்ணை இருந்த தெருவின் பெயர்தான் மாரிஸ்.

ஓசூர்: எத்தனை நிமிடம் வைக்கணும்?

முதல் பதிலில் இருக்கிறது.

மதுரை: சகோதரி, 45 நிமிடம் கரண்ட்டை எரிப்பானேன்? குக்கரில் இரண்டு விசில் விட்டு, துடைத்து, ஏர் ஃப்ரையரில் பத்து நிமிடம் வைத்தால் அதே கிழங்குதானே?

அதே கிழங்கு இல்லை அண்ணே. உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். சுடுவது என்றால் அதில் கொஞ்சத்தை வெளியேற்றுவது. 250 கிராம் கிழங்கை வைத்து எடுத்தால் 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். அந்த 50 கிராம் தண்ணீர் போனதால்தான் உள்ளே உதிரியாகிறது, கிழங்கின் ருசி கெட்டிப்படுகிறது. குக்கருக்குள் 120 டிகிரி ஆவி. அங்கே கிழங்கிலிருந்து ஈரம் போக வழியே இல்லை, தோலும் ஊறிவிடும். பிறகு பத்து நிமிடம் காற்றில் காட்டினால் மேல்தோல் காயும். உள்ளே இருப்பது அவித்த கிழங்குதான். பொடிமாஸுக்கு அருமையாக இருக்கும், இதற்கு ஆகாது.

கரண்ட் கணக்கு: 1500 வாட் பெட்டி 45 நிமிடம் விடாமல் எரிந்தாலும் 1.1 யூனிட்தான். சூடு ஏறியதும் அது அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறையும்.

டொரான்டோ: அக்கா, நான் மைக்ரோவேவில் ஆறு நிமிடம் வைத்துவிட்டுத்தான் ஏர் ஃப்ரையரில் போடுவேன். அதுவும் தப்பா?

தப்பில்லை. மூடி போடாமல், குத்திவிட்டு வைக்கிறீர்கள்தானே? மைக்ரோவேவ் உள்ளிருக்கும் தண்ணீரை ஆவியாக்கி வெளியேதான் தள்ளுகிறது. அப்புறம் 200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். தோலுக்கு அடியில் வரும் அந்தப் பழுப்பு வாசனை கொஞ்சம் குறையும். வேலை முடிந்து வந்த இரவுக்கு நல்ல வழி.

மதுரை (மறுபடியும்): மைக்ரோவேவுக்கு ஒரு நியாயம், குக்கருக்கு ஒரு நியாயமா? கிழங்குக்கு எந்தச் சூடு என்று தெரியவா போகிறது?

தெரியும் அண்ணே. ஈரத்துக்கு வெளியேற வழி இருக்கிறதா, இல்லையா என்பதுதான் நியாயம். நீங்களே ஒருநாள் செய்து பாருங்கள். ஒரே எடையில் இரண்டு கிழங்கு. ஒன்றை நேராக வையுங்கள், ஒன்றைக் குக்கர் வழியாக. முடிந்ததும் தராசில் வையுங்கள்.

ஈரோடு: எங்கள் ஆத்தா விறகடுப்புத் தணலில் கிழங்கைப் புதைத்துச் சுட்டுத் தருவாங்க. அதற்கு முன்னால் இந்தப் பெட்டியெல்லாம் எம்மாத்திரம்?

அந்த ருசிக்கு நான் எதையும் ஈடு சொல்ல மாட்டேன். புகை வாசனையை எந்தப் பெட்டியும் தராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆத்தா செய்ததும் ஈரமில்லாத சூட்டில் சுட்டதுதான். சாம்பல் கிழங்கைப் பொதிந்திருந்தாலும் ஆவி அதன் வழியே போய்விடும். அதனால்தான் தட்டி உடைத்தால் உள்ளே மாவு மாவாக வந்தது. மதுரை அண்ணனுக்கு நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

திண்டுக்கல்: நானும் குக்கர் கட்சிதான். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அமுக்கி ஆவியை விட்டு, வேறெதுவும் சேர்க்காமல் உப்பும் வெண்ணெயும் மட்டும் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். மேலே மசாலாவும் சீஸும் கொட்டினால் யாருக்கும் தெரியாதுதான்.

கடலூர்: பாதியில் கிழங்கு வெடித்துப் பெட்டி முழுக்கச் சிதறிவிட்டது. ஏன்?

குத்தவில்லை. எப்போதும் வெடிக்காது, வெடிக்கும் நாளில் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். குத்துங்கள்.

சென்னை: எந்த ஏர் ஃப்ரையர் வாங்கலாம் மேடம்?

எனக்கு ஒன்றைத்தான் தெரியும், அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. 16 ஆம்பியர் பாயிண்ட்டில் மாட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன். 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு அது அதிகம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

வேலூர்: அப்பாவுக்குச் சர்க்கரை. தரலாமா?

அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். சுட்ட உருளைக்கிழங்கு சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதைச் சொல்லியே கேளுங்கள்.

நாகர்கோவில்: பச்சையாக இருக்கும் இடமும் 200 டிகிரியில் சரியாகிவிடும் அல்லவா?

ஆகாது. பச்சை நிறத்தோடு சேர்ந்து வரும் ‘சோலனின்’ என்னும் நஞ்சு அந்தச் சூட்டில் அழியாது. லேசாக ஓரிடத்தில் என்றால் ஆழமாக வெட்டி எறியுங்கள். பாதிக்கு மேல் பச்சை, அல்லது கசக்கிறது என்றால் முழுசாக எறியுங்கள். தோலோடு சாப்பிடும் பண்டம் இது, அதனால் கூடுதல் கவனம் வேண்டும். கிழங்கை வெளிச்சம் படாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி, தித்திப்பாகவும் சீக்கிரம் கருகுவதாகவும் ஆகிவிடும்.

பெங்களூரு: ஃபாயிலை அடியில் மட்டும் விரித்தால்?

கிழங்குக்கு அடியில் காற்று போகாது. ஃபாயில் வேண்டாம் என்று மேலே விரிவாக எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

தூத்துக்குடி: 200 டிகிரியில் எத்தனை நிமிடம் சிஸ்டர்?

எடை சொல்லாமல் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதலில் கிழங்கை எடை போடுங்கள், பிறகு முதல் பதிலைப் படியுங்கள். இந்தக் கேள்விக்கு இனி நான் பதில் எழுதப் போவதில்லை.

தஞ்சாவூர்: ஒரே கிழங்கு ஒரு கிலோ இருக்கிறது. முழுசாகச் சுடலாமா?

ஏர் ஃப்ரையரில் உள்ளே வேகும்முன் தோல் கருகும். இரண்டாக வெட்டுங்கள். ஆனால் பெரிய கிழங்குக்கு ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்காவில் நார்தர்ன் பசிபிக் ரயில்வே போகும் வழியில், விற்க முடியாத அளவு பெரிய கிழங்குகளை விவசாயிகள் பன்றிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலின் உணவுப் பெட்டிகளை நிர்வகித்த ஹேசன் டைட்டஸ் அவற்றை வாங்கி மெதுவாகச் சுட்டுப் பரிமாறினார். 1909-இலிருந்து ஒவ்வொன்றும் இரண்டு பவுண்டுக்குக் குறையாத கிழங்கு. ‘பெரிய சுட்ட உருளைக்கிழங்கின் பாதை’ என்றே அந்த ரயில்வே தன்னை விளம்பரம் செய்துகொண்டது.

புதுச்சேரி: மேலே என்ன வைக்கலாம்?

பள்ளியில் பிள்ளைகள் கேட்டது தக்காளிச் சாறில் வேகவைத்த பீன்ஸும் துருவிய செடார் சீஸும். இஸ்தான்புல்லில் ஓர்தாக்கோய் கடைகளில் கும்பிர் என்று விற்பார்கள்: பிளந்த கிழங்குக்குள்ளேயே வெண்ணெயும் சீஸும் போட்டுக் கிண்டி, அதன்மேல் ஊறுகாய், சோளம், ஆலிவ் என்று அடுக்குவார்கள். என் வீட்டில் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும்.

மதுரை: செய்து பார்த்துவிட்டேன் சகோதரி. இரண்டும் 220 கிராம். நேராகச் சுட்டது 178, குக்கர் வழி வந்தது 212. தோல் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் பல் இல்லாத என் மாமியார் குக்கர் கிழங்கைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எடை போட்டுச் சொன்னதற்கு நன்றி அண்ணே, மனம் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு அது சரிதான். ஈரமான கிழங்கு தொண்டையில் எளிதாக இறங்கும். உதிரிக் கிழங்கு வயதானவர்களுக்குச் சில சமயம் அடைக்கும். நேராகச் சுட்டதைத் தர ஆசைப்பட்டால் தோலை நீக்கி, சூடான பாலும் வெண்ணெயும் விட்டுக் குழைத்துக் கொடுத்துப் பாருங்கள். எது பிடித்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.

விருதுநகர்: இன்று காலை நாலு கிழங்கு சுட்டு, சூடு போகாமல் இருக்க ஃபாயிலில் சுற்றி மேசையில் வைத்திருக்கிறேன். இரவு பிள்ளைகளுக்குத் தரலாமா?

தராதீர்கள். மறுபடி சூடாக்கித் தரலாமா என்றும் யோசிக்க வேண்டாம். நாலையும் இப்போதே குப்பையில் போட்டுவிட்டு, இரவுக்குப் புதிதாக வையுங்கள்.